வண்ண மீன் தொட்டி: முதலில் செடி, பிறகுதான் மீன்

வண்ண மீன் வளர்ப்பில் உபவருமானம் உண்டு என்று கேள்விப்பட்டதும் வரிசையாகச் சிமெண்டுத் தொட்டிகளைக் கட்டி, ஒரே வாரத்தில் மீன்களைப் பறிகொடுத்துக் கைவிட்டவர்கள் பலர். உழவர் பெருமக்கள் முதலில் ஒரே ஒரு கண்ணாடித் தொட்டியில் செடியும் மீனும் வளர்த்துப் பழகுவது நல்லது. நட்டம் வந்தாலும் சிறிதாகவே இருக்கும்.

இதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுத் தொட்டியில், செடி செழிக்கட்டும் என்று மணலுக்கு அடியில் இரண்டு பிடி மக்கிய எருவைப் போட்டு, அன்றே மீனும் விட்டேன். மறுநாள் காலை ஒரு மீன்கூட மிஞ்சவில்லை. வயலுக்கு உரம் சொல்பவன் தொட்டியில் தவறினேன்.

மீன் ஏன் சாகிறது?

மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகும்போது அம்மோனியா உண்டாகிறது. நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முன்னவை இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட்டோ செடிக்குத் தழைச்சத்து. வயல் மண்ணில் நடப்பதும் இதுவே. புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் பெருக 3 முதல் 6 வாரங்கள் ஆகும்.

தொட்டி அமைத்தல்

3 அடி நீளம், 1 அடி அகலம், 1¼ அடி உயரமுள்ள தொட்டி போதும். நீரும் மணலும் சேர்ந்தால் 100 கிலோவுக்கு மேல் கனக்கும். ஆகவே உறுதியான, மட்டமான மேடையில், நேர் வெயில் படாத இடத்தில் வைக்கவும். வெயில் பட்டால் பாசி மண்டும்.

2 முதல் 3 மில்லிமீட்டர் பருமனுள்ள ஆற்று மணலைக் கலங்கல் தீரக் கழுவி, இரண்டரை அங்குலம் பரப்பவும். எரு, உரம் எதுவும் வேண்டாம். மணல் மேல் ஒரு தட்டை வைத்து அதன் மீது மெதுவாக நீர் ஊற்றினால் கலங்காது. குளோரின் கலந்த குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்த பிறகே பயன்படுத்தவும். கிணற்று நீரை மண், நீர் பரிசோதனை நிலையத்தில் சோதித்துக் கொள்ளலாம். சற்று உப்பும் கடினத்தன்மையும் உள்ள நீரைக் கப்பி, மோலி மீன்கள் தாங்கும். டெட்ரா வகைகள் தாங்குவது அரிது.

செடி நடவு

தொடக்கத்திற்கு வாலிஸ்னேரியாவும் ஹைட்ரில்லாவும் ஏற்றவை. வாலிஸ்னேரியாவின் வேர் மட்டும் மணலில் இருக்க வேண்டும். குருத்து புதைந்தால் அழுகிவிடும். பூச்சிமருந்து அடித்த வயலை ஒட்டிய வாய்க்கால் செடிகளைக் கொண்டுவர வேண்டாம். தினமும் 8 முதல் 10 மணி நேரம் விளக்கு எரிந்தால் போதும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வந்தால் பாக்டீரியா பெருகும். நோயற்ற பழைய தொட்டியின் மணலில் ஒரு பிடி சேர்த்தால் இன்னும் விரைவு. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் இல்லை என்பதை, வண்ண மீன் கடைகளில் கிடைக்கும் சோதனைப் பெட்டியால் உறுதி செய்துகொண்டு மீன் விடவும்.

மீனும் பராமரிப்பும்

முதலில் ஓர் ஆண், மூன்று பெண் என நான்கு கப்பி மீன்கள் போதும். பையோடு 20 நிமிடம் மிதக்கவிட்டுப் பின் விடவும். இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவே தீனி. கப்பி சுமார் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குஞ்சு ஈனும். தாயே குஞ்சைத் தின்னும் என்பதால், அடர்ந்த ஹைட்ரில்லாவே குஞ்சுகளுக்குப் புகலிடம்.

இரவில் செடியும் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்தால், இரவில் காற்றுக் குழாய் ஓட வேண்டும். வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றவும். ஆவியான நீருக்கு ஈடாக ஊற்றிக்கொண்டே போனால் உப்புத்தான் சேரும்.

மிஞ்சிய மீனையும் செடியையும் குளத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். 'டேங்க் கிளீனர்' மீன் அப்படித்தான் நம் நீர்நிலைகளில் பரவி, வலையைக் கிழித்து மீனவர்களுக்குத் தொல்லை தருகிறது.

இந்த ஒரு தொட்டியில் பிறந்த குஞ்சுகள் வளர்ந்து, அவையும் குஞ்சு ஈன்ற பிறகு சிமெண்டுத் தொட்டி கட்டுவதைப் பற்றி எண்ணலாம். அதற்கு முன் கடன் வாங்க வேண்டாம்.