அஜ்மானின் ஓட்டு

சிறுவயதில் தபால்தலை சேகரித்தவர்களில் பலருக்கு அஜ்மான் என்ற பெயர் நினைவிருக்கக் கூடும். 1964 முதல் 1972 வரை அந்தப் பெயரில் வெளிவந்த வண்ணத் தபால்தலைகளில் கென்னடி உண்டு, விண்வெளி வீரர்கள் உண்டு. பெரும்பாலானவை அஜ்மான் மக்களின் கடிதங்களில் ஒட்டப்பட்டவை அல்ல. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்காகவே அச்சிடப்பட்டவை. எண்ணெய் வளமில்லாத ஒரு சின்னஞ்சிறு ஆட்சிக்கு அதுவும் ஒரு வருமானம். 1972-இல் தபால்துறை கூட்டாட்சியின் கைக்குப் போனதும் அவை நின்றுபோயின.

அமீரகத்தின் ஏழு ஆட்சிகளில் பரப்பளவில் மிகச் சிறியது அஜ்மான். சுமார் 260 சதுர கிலோமீட்டர். அதிலும் மஸ்ஃபூத், மனாமா என்ற இரு துண்டுகள் தனித்தனியே உள்நாட்டில் கிடக்கின்றன. 1968 கணக்கெடுப்பின்போது அங்கிருந்தவர்கள் ஏறத்தாழ நான்காயிரம் பேர்தான். அப்படிப்பட்ட ஓர் ஆட்சி தன்னைவிடப் பலமடங்கு பெரியவர்களோடு கூட்டுச் சேரும்போது அதன் குரலுக்கு என்ன மதிப்பு இருக்கும்? இதே கேள்வி ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அமெரிக்காவில் எழுந்தது.

பிரிட்டனிடமிருந்து விடுபட்ட பதின்மூன்று மாநிலங்கள் 1781-இல் ஒரு தளர்வான கூட்டமைப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. பெரிதோ சிறிதோ, மாநிலத்துக்கு ஓர் ஓட்டு. மத்திய அரசுக்கு வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. விதிகளைத் திருத்த வேண்டுமானால் பதின்மூன்றும் சம்மதிக்க வேண்டும். போர்க்கடனை அடைக்க இறக்குமதிக்கு ஐந்து சதவீத வரி கேட்டபோது, 1782-இல் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்ட் மறுத்தது, திட்டம் முடங்கியது. சிறியவன் கையில் தடுப்பதிகாரம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது ஒரு பாடம்.

1787-இல் பிலடெல்ஃபியாவில் கூடியபோது பெரிய மாநிலமான வர்ஜீனியா, மக்கள்தொகைப்படி இடங்கள் வேண்டும் என்றது. டெலவர், நியூ ஜெர்சி போன்றவை சம ஓட்டை விட மறுத்தன. டெலவரின் பிரதிநிதி ஒருவர், எங்களை ஒதுக்கினால் அந்நிய நாடு ஒன்றின் கையைப் பிடிப்போம் என்று மிரட்டும் அளவுக்குப் போனார். ஜூலை 16 அன்று சமரசம் வந்தது: கீழவையில் மக்கள்தொகைப்படி, மேலவையில் மாநிலத்துக்குச் சமமாக. அந்த மாநாட்டுக்கு ஆளே அனுப்பாத ரோட் ஐலண்ட், 1790 மே மாதத்தில் 34-க்கு 32 என்ற ஓட்டில் கடைசியாக வந்து சேர்ந்தது.

இனி வளைகுடாவுக்கு வருவோம். 1971 முடிவுக்குள் வெளியேறுவதாக பிரிட்டன் 1968 ஜனவரியில் அறிவித்தது. அடுத்த மாதமே அபுதாபியின் ஷேக் சாயிதும் துபாயின் ஷேக் ராஷிதும் பாலைவனத்தில் சந்தித்துக் கூட்டுக்கு ஒப்புக்கொண்டார்கள். தொடர்ந்து பஹ்ரைன், கத்தார் உட்பட ஒன்பது ஆட்சியாளர்கள் கையெழுத்திட்டார்கள். உடனே பழைய சண்டை புது இடத்தில் முளைத்தது. மக்கள்தொகையில் முதலிடத்தில் இருந்த பஹ்ரைன் அதற்கேற்ற இடங்களைக் கேட்டது, மற்றவர்கள் இசையவில்லை. 1971-இல் பஹ்ரைனும் கத்தாரும் தனி நாடுகளாயின. டிசம்பர் 2 அன்று ஆறு ஆட்சிகள் சேர்ந்து அமீரகம் ஆயின. முறுக்கிக்கொண்டு நின்ற ராஸ் அல் கைமா 1972 பிப்ரவரியில் இணைந்தது. அமீரகத்தின் ரோட் ஐலண்ட் என்று அதைச் சொல்லலாம்.

கூட்டாட்சி தேசிய சபையில் மொத்தம் 40 இடங்கள்: அபுதாபி, துபாய்க்கு எட்டெட்டு, ஷார்ஜா, ராஸ் அல் கைமாவுக்கு ஆறாறு, அஜ்மான், உம் அல் குவைன், ஃபுஜைராவுக்கு நான்கு நான்கு. துபாயின் மக்கள்தொகை அன்று அஜ்மானைவிடப் பத்து மடங்குக்கும் மேல். இடங்களோ இரண்டு மடங்குதான். சிறியவனுக்கு நல்ல பேரம் என்று தோன்றும். ஆனால் அந்தச் சபை ஆலோசனை கூறுவதற்கே. அமெரிக்க மேலவையின் அதிகாரம் அதற்கு இல்லை. அதிகாரம் ஏழு ஆட்சியாளர்களின் உச்ச மன்றத்தில் உள்ளது. அங்கே ஆளுக்கு ஓர் ஓட்டு. முக்கிய முடிவுகளுக்கு ஐந்து ஓட்டு வேண்டும். அந்த ஐந்தில் அபுதாபியும் துபாயும் இருந்தே ஆக வேண்டும். அஜ்மான் தனியாக எதையும் தடுக்க முடியாது. 1782-இன் ரோட் ஐலண்ட் இங்கே பிறக்க வழியில்லை.

பதிலுக்கு அஜ்மானுக்குக் கிடைத்தது என்ன? எண்ணெய் அந்தந்த ஆட்சிக்கே சொந்தம் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. எனவே கூட்டாட்சியின் செலவில் பெரும்பங்கை அபுதாபி தந்தது. அந்தப் பணத்தில் வடக்கு ஆட்சிகளுக்குப் பள்ளிகளும் மருத்துவமனைகளும் சாலைகளும் மின்சாரமும் வந்தன. தடுக்கும் உரிமையைக் கொடுத்து வாழ வழியைப் பெற்றுக்கொண்டது அஜ்மான்.

பெரியவர்களுக்குள் பூசல் இல்லாமல் இல்லை. 1978-இல் படைத்தலைமை குறித்து அபுதாபிக்கும் துபாய்க்கும் மோதல் முற்றியது. 1979-இல் முழு ஒருங்கிணைப்பு கேட்டு மனு எழுந்தபோது துபாயும் ராஸ் அல் கைமாவும் முரண்டின; குவைத் நடுவில் வந்து பேசியது; ஷேக் ராஷித் பிரதமரானதும் தணிந்தது. இரு ஆட்சிகளின் எல்லையில் கராமா என்ற பெயரில் கட்டுவதாக எழுதிவைத்த தலைநகரம் கட்டப்படவேயில்லை. 'தற்காலிக' அரசியல் சட்டம் ஐந்தைந்து ஆண்டுகளாக நீண்டு 1996-இல்தான் நிரந்தரமானது. அபுதாபியே தலைநகரம் என்றும் முடிவானது.

தீராததைத் தள்ளிப்போடுவது இங்கே பலித்தது. அமெரிக்காவும் அடிமைமுறையையும் பிரிந்துபோகும் உரிமையையும் தள்ளித்தான் போட்டது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அதற்கு வட்டியோடு கட்டியது. தள்ளிப்போடலாம், ஆனால் எதைத் தள்ளிப்போடுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். நம் மாநிலங்களவையிலும் உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18, கோவாவுக்கு 1. இந்தியா டெலவரின் வழியை ஏற்கவில்லை என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அஜ்மானில் குடியிருந்து துபாயில் வேலை பார்ப்பவர்கள் தினமும் ஷார்ஜாவைக் கடந்து மூன்று ஆட்சிகளில் கால்வைக்கிறார்கள். நடுவில் யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. தபால்தலை போய்விட்டது; முன்னால் நெரிசலில் ஊரும் வண்டியின் நம்பர் பிளேட்டில் மட்டும் அஜ்மான் என்ற பெயர் இருக்கிறது.