காலேஜில் சேர்ந்தாச்சு... காலைச் சாப்பாடு என்னாச்சு?

ஆகஸ்ட், செப்டம்பர் வந்தால் என் வைத்தியசாலைக்கு ஒரு தனிக் கூட்டம் வரும். ப்ளஸ் டூ வரை நன்றாக இருந்துவிட்டு, காலேஜில் சேர்ந்த இரண்டே மாதத்தில் வாடிப்போன பிள்ளைகள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம்.

போன வருடம் மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா மகளைக் கூட்டி வந்தார். மதுரையில் பி.எஸ்ஸி. முதலாண்டு.

"அய்யா, கிளாஸ்லயே மயங்கி விழுந்துட்டா. இனிமே காலேஜே வேணாம்னு அழுகுறா. அவுக அப்பா, அப்ப மாப்பிள்ளை பாத்துரலாம்ங்கறாரு."

அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "காலையில என்னம்மா சாப்பிடுற?"

"ஏழு மணி பஸ்ஸுங்கய்யா. அந்நேரம் இறங்காது."

"தண்ணி?"

தலையைக் குனிந்துகொண்டாள். காலேஜில் பாத்ரூம் போகக் கூச்சப்பட்டுக் குடிப்பதே இல்லையாம். அம்மாதான் சொன்னார். மதுரை வெயிலில் இப்படி இருந்தால் தலைவலியும் நீர்க்கடுப்பும் வராமல் என்ன செய்யும்?

"ராத்திரி எப்பத் தூங்குவ?"

"ஒரு மணி ஆயிரும். எல்லாம் இங்கிலீஷ்ல நடத்துறாங்க. நோட்ஸைத் திரும்ப எழுதினாத்தான் புரியுது."

தமிழ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளை. சோம்பேறி இல்லை, பாவம். நாடி பார்த்தேன். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.9. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே சோகைதான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை இருந்தது.

நீங்களே கணக்குப் போடுங்கள். ராத்திரி 8.30-க்குச் சாப்பிட்டவள் மறுநாள் மதியம் 1 மணிக்கு டப்பாவைத் திறந்தால் 16½ மணி நேரப் பட்டினி. பட்டினியும் கண்விழிப்பும் சேர்ந்தால் பித்தம் ஏறும் என்பது எங்கள் சித்த மருத்துவக் கணக்கு. வயிறு எரியும், எரிச்சல் வரும், எதைப் படித்தாலும் மனசில் நிற்காது. பிள்ளை என்ன நினைக்கும்? 'எனக்கு மூளை இல்லை, இந்தப் படிப்பு எனக்கு லாயக்கில்லை' என்று நினைக்கும். அங்கேதான் படிப்பு நிற்கிறது.

எனக்கும் இது நடந்ததுதான். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பாளையங்கோட்டை போய்ச் சித்த மருத்துவம் சேர்ந்தேன். முதல் வருஷம் உடற்கூறு ஒரு பக்கம், மனப்பாடம் செய்யவேண்டிய பழம்பாடல்கள் ஒரு பக்கம். டீயைக் குடித்துக் குடித்தே கண்விழித்தேன். படிப்பதோ வைத்தியம், வயிற்றில் புண்!

அந்தப் பெண்ணுக்கு இரும்புச்சத்துள்ள மருந்து கொடுத்தேன். பெயரைச் சொல்ல மாட்டேன், நீங்கள் நேரே கடைக்குப் போய்விடுவீர்கள். சாப்பாட்டில் வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை, தினம் ஒரு நெல்லிக்காய். டீ, காபி சாப்பாட்டோடு வேண்டாம். உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளி இருக்கட்டும். காலையில் இறங்கவில்லையா? ஒரு டம்ளர் நீராகாரம் குடித்துவிட்டுக் கிளம்பட்டும். இரண்டு இட்லியை டப்பாவில் போட்டுக்கொண்டு முதல் பீரியடுக்கு முன் சாப்பிடலாம். புதுமைப்பெண் திட்டத்தில் (2022-இல் தொடங்கியது) அவளுக்கு மாதம் 1000 ரூபாய் வந்துகொண்டிருந்தது. அதில் வாழைப்பழத்துக்கும் கடலை உருண்டைக்கும் கொஞ்சம் ஒதுக்கச் சொன்னேன்.

நோட்ஸை அன்றன்று சாயங்காலமே எழுதிவிட வேண்டும். 10.30-க்கு மேல் புத்தகமும் கிடையாது, செல்போனும் கிடையாது. இந்த வயதுக்கு 7 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். 5.30-க்கு எழுந்தால் கணக்குச் சரியாக வரும்.

பையன்கள் கதை வேறு. முகூர்த்த நாள் வந்தால் கல்யாண மண்டபங்களில் கேட்டரிங் வேலைக்குப் போகிறார்கள். பீஸ் கட்டவேண்டிய பையனிடம் போகாதே என்று நான் எப்படிச் சொல்வது? பந்தி முடிந்து நடுராத்திரிக்கு மேல் பரோட்டா, மறுநாள் வகுப்பில் தூக்கம். 75 சதவீத வருகை இல்லாவிட்டால் பரீட்சைக்குச் சிக்கல் வேறு. மதுரை தூங்கா நகரம்தான். அதற்காக நீயும் தூங்காமல் இருக்கணுமா தம்பி? பரீட்சை மாதத்தில் மட்டுமாவது வேலையை விடு. சித்திரைத் திருவிழாவும் செமஸ்டர் பரீட்சையும் ஒட்டி ஒட்டி வரும், அந்தச் சோதனையே போதும்!

ஒன்று மட்டும் கவனியுங்கள். அழுகை, யாரோடும் பேசாமை, எதிலும் பிடிப்பில்லாமை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது சூரணத்தில் தீருகிற விஷயமில்லை. மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். டெலி மானஸ் எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உயிரை வெறுத்துப் பேசினால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

பொங்கல் கழித்து அந்தப் பெண் மறுபடி வந்தாள். ஹீமோகுளோபின் 11.2. முதல் செமஸ்டரில் ஒரு பேப்பர் அரியர். இந்தத் தடவை அப்பா கூட வந்திருந்தார். மாப்பிள்ளைப் பேச்சை நானாகவே எடுத்தேன்.

"அது கெடக்கட்டும்ங்கய்யா. காலையில ஆறரைக்கு இவளுக்கு டப்பா கட்டுறதே நான்தான்" என்றார்.