தோப்புல தூங்குது ஒரு 407!

கூமாப்பட்டின்னதும் என்ன ஞாபகம் வருது? 2025-ல செல்போன் செல்போனா சுத்தின அந்த வீடியோதானே! பிளவக்கல் அணை, மலை, தண்ணி... அதெல்லாம் பார்த்தாச்சு பாஸ். நாம வேற ஒண்ணைப் பார்க்கப் போறோம்.

கிருஷ்ணன்கோவில்ல திரும்பி, வத்திராயிருப்பு தாண்டி கூமாப்பட்டிக்குள்ள போறீங்க. அங்கே உங்களுக்கு ஒரு பெரியப்பா இருக்கார்னு வச்சுக்குங்க. அவரோட தென்னந்தோப்பு ஓரமா, நெல்லும் தேங்காயும் ஏத்தின பழைய டாடா 407 ஒண்ணு அஞ்சு வருஷமா ஓடாம நிக்குது. பழைய இரும்புக் கடைக்காரர் விலை பேசிட்டுப் போயிட்டார். 'செமஸ்டர் லீவுல நான் ஓட வைக்கிறேன் பெரியப்பா'ன்னு நீங்க வாயை விட்டுட்டீங்க. முடியுமா?

முடியும். ஆனா எல்லாரும் எஞ்சினைப் பார்த்துத்தான் மிரளுவாங்க. நிஜமான வில்லன் வயரிங்!

முதல்ல ஸ்பேனரைக் கீழே வச்சுட்டு ஆர்.சி. புக்கை எடுங்க. 8 வருஷம் தாண்டின லோடு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. காட்டியாகணும். பேப்பர் தேறாதுன்னா, நீங்க உயிர் கொடுத்த வண்டி தோப்புக்குள்ளதான் சுத்தும்.

407 வந்தது 1986-ல. டி.சி.எம். டொயோட்டா, ஸ்வராஜ் மஸ்டா, ஆல்வின் நிஸான்னு ஜப்பான் கூட்டணிகள் களத்துல நின்னப்போ, உள்ளூர்ப் பையன் ஜெயிச்ச கதை அது. எஞ்சின் பேரே அதோட ஜாதகம். 497-ன்னா 4 சிலிண்டர், ஒவ்வொண்ணும் 97 மி.மீ. விட்டம். மொத்தம் 2956 சி.சி. பழைய வண்டியில கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. காத்தை அழுத்தினா சூடாகும், அந்தச் சூட்டுல டீசலைப் பீய்ச்சினா பத்திக்கும். ஸ்பார்க் பிளக்கே வேண்டாம். கத்துக்குட்டிக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

கழட்டும்போது ஒரே ஒரு விஷயம்தான்... வரிசை! கனெக்டிங் ராடு மூடி எந்த ராடுல இருந்ததோ அதே ராடுக்கு, அதே பக்கமாத்தான் போகணும். ரெண்டையும் சேர்த்து வச்சுத்தான் துளை கடைஞ்சிருப்பாங்க. மாத்திப் போட்டா பேரிங் காலி. புஷ் ராடுகளை ஒரு அட்டையில ஓட்டை போட்டு, நம்பர் எழுதிச் சொருகி வைங்க. ஒவ்வொரு கட்டத்துலயும் செல்போன்ல ஒரு கிளிக். போரிங், கிராங்க் கடையுறதெல்லாம் நம்ம வேலை இல்லை. ராஜபாளையத்துக்கோ மதுரைக்கோ கொண்டு போய் லேத்துக்காரர்கிட்ட கொடுத்துடுங்க. ஹெட் போல்ட்டை டார்க் ரெஞ்ச் வச்சு, நடுவுல ஆரம்பிச்சு வெளியே வந்து, படிப்படியா முறுக்கணும். 'கை கணக்கு தெரியும்'ங்கிறதெல்லாம் அனுபவம் உள்ள அண்ணன்களுக்கு!

இப்போ வயரிங். எஞ்சின் பொய் சொல்லாது. நீங்க பார்த்த மாதிரியே திரும்ப மாட்டினா வேலை செய்யும். வயரிங்ல முப்பது வருஷப் பொய் இருக்கும். பச்சை வயர் பாதியில கறுப்பாகும். டேப் ரெக்கார்டருக்கு இழுத்தது, கலர் லைட்டுக்கு இழுத்தது, எங்கேயும் போகாம தொங்குறது... போன ஃபியூஸ்ல சிகரெட் பாக்கெட் ஜிகினாத்தாள் சுத்தியிருக்கும். அதுதான் வண்டியை எரிக்கிற தாள்! ஃபியூஸ் உருகினாத்தான் வயர் பிழைக்கும்.

கணக்கு ரொம்ப சிம்பிள். 60 வாட் ஹெட்லைட் ரெண்டு, 120 வாட். 12 வோல்ட்டால வகுத்தா 10 ஆம்பியர். அதுக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ், அதைத் தாங்குற வயர், நடுவுல ஒரு ரிலே. இப்படி ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா நோட்டுல படம் போட்டுட்டு, பழசை மொத்தமா உருவிடுங்க. ஒட்டுப் போட ஆசைப்படாதீங்க.

எர்த்தை மறந்துடாதீங்க. ஒரு தடவை செல்ஃப் மோட்டார்தான் போச்சுன்னு ராத்திரி முழுக்க ரெண்டு முறை கழட்டி மாட்டினேன். காலையில பார்த்தா, சேஸிஸுக்குப் போற எர்த் பட்டைக்கு அடியில துரு! உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சதும் சுத்திடுச்சு. பேட்டரியில நெகட்டிவை முதல்ல கழட்டணும், கடைசியா மாட்டணும். பாசிட்டிவைத் திருகும்போது ஸ்பேனர் பாடியில பட்டா தீப்பொறிதான்.

ஸ்டார்ட் பண்ற நாள். எஞ்சினைக் கையாலயே ரெண்டு முழுச் சுத்து சுத்திப் பாருங்க. எங்கேயாவது இடிச்சா அங்கேயே நிறுத்துங்க. டீசல் லைன்ல காத்தை வெளியேத்துங்க. பக்கத்துல ஒரு மெக்கானிக் அண்ணன் கட்டாயம் இருக்கணும். ஏர் ஃபில்டர் குழாயைக் கழட்டி, வாயை மூடுற அளவுக்கு ஒரு பலகையும் தயாரா இருக்கட்டும். டீசல் எஞ்சின் சாவியைத் திருப்பினதும் நிக்கிற ஜாதி இல்லை. டீசலைத் தடுத்தாத்தான் நிக்கும். சொந்த ஆயிலையே குடிச்சு ஓட ஆரம்பிச்சா அதுக்கும் அடங்காது, காத்தை அடைக்கணும். கையால மட்டும் மூடிடாதீங்க!

சாவியைத் திருப்பியாச்சா? எஞ்சின் பிடிச்சதும் விசில் அடிக்கிறது, பெரியப்பாவைக் கட்டிப்பிடிக்கிறது எல்லாம் அப்புறம். கண்ணு ஆயில் பிரஷர் முள்ளு மேலயே இருக்கட்டும். சில செகண்டுல அது எழும்பலையா... உடனே நிறுத்திடுங்க.