வீட்டுச் சுவரில் ஈரம்: பூஞ்சணத்தைப் போக்கும் வழி

தீபாவளி நெருங்கும் வேளையில் சுங்கை சிப்புட் வட்டாரத்தின் தோட்டங்களிலும், பட்டணத்துத் தாமான்களிலும், அடுக்குமாடி வீடுகளிலும் சாயம் பூசும் வேலை மும்முரமாக நடைபெறுவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். கறுத்துப்போன சுவர்கள் புதுச் சாயத்தினால் பளிச்சிடுகின்றன. ஆனால், தைப்பூசம் வருவதற்குள் பல வீடுகளில் அதே சுவரில், அதே மூலையில் சாயம் கொப்பளித்து உரிகிறது. கரும்புள்ளிகள் மீண்டும் தோன்றுகின்றன. சாயம் மட்டமானது என்று கடைக்காரரை நொந்து கொள்கிறோம்.

உண்மையில் குறை பெரும்பாலும் சாயத்தில் இல்லை. பேராக் உட்பட மேற்குக்கரை மாநிலங்களில் அக்டோபர், நவம்பர் மாதங்களே ஆண்டில் மிகுந்த மழை பெய்யும் காலமாகும். தீபாவளியும் அக்காலத்திலேயே வருகிறது. மழைநீர் ஊறிய சுவரின் மீது சாயத்தைப் பூசி, ஈரத்தை உள்ளேயே அடைத்து விடுகிறோம். அந்த ஈரமே பூஞ்சணத்துக்கு உணவூட்டும் தாய்.

பூஞ்சணம் என்பது என்ன?

பூஞ்சணம் அழுக்கன்று, அஃது ஓர் உயிர். கண்ணுக்குத் தெரியாத அதன் வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் மிதந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை முற்றாக அழிப்பது எவராலும் இயலாது. ஆனால், நீர் இல்லாமல் அவை முளைக்கமாட்டா. நனைந்த பொருள் ஓரிரு நாள்களில் உலராவிடினும், சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைக் கடந்து நீடித்தாலும் பூஞ்சணம் வேர்விடத் தொடங்கும். நம் நாட்டுக் காற்றின் ஈரப்பதமே பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டி இருப்பதனால், நமது வீடுகள் எப்போதும் ஆபத்தின் விளிம்பிலேயே உள்ளன. சிறிய ஒழுக்கு ஒன்றே போதும்.

இதனால் விளையும் கேடு சுவரோடு நிற்பதில்லை. ஈரமும் பூஞ்சணமும் உள்ள கட்டடங்களில் வசிப்போருக்கு இருமல், சுவாச நோய்த் தொற்று, ஆஸ்துமா கடுமையாதல் ஆகியவை கூடுதலாக ஏற்படுகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியில் கூறியுள்ளது. குழந்தைகளும், முதியோரும், இழுப்பு நோய் உள்ளவர்களுமே முதலில் பாதிக்கப்படுகின்றனர்.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 2020 டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று மூச்சுக்கோளாற்றினால் இறந்தது. அது வாழ்ந்த அடுக்குமாடி வீட்டில் நெடுநாள் படர்ந்திருந்த பூஞ்சணமே காரணம் என 2022-இல் மரண விசாரணை தீர்ப்பளித்தது. குழந்தையின் தந்தை 2017-இலேயே முறையிட்டிருந்தார். அதன்மீது சாயம் பூசிக்கொள்ளுமாறு அவருக்குக் கூறப்பட்டதாம்! அக்குழந்தையின் பெயராலேயே பின்னர் அங்கு ஒரு சட்டம் உருவாகி, 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. சாயம் மருந்தாகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

நீர் எவ்வழியே வருகிறது?

ஆகவே, தூரிகையை எடுக்குமுன் நீர் வரும் வழியைக் கண்டறிதல் வேண்டும். வழிகள் நான்கே.

முதலாவது, மேலிருந்து வருவது. கூரைத் தகரத்தில் ஆணி துருப்பிடித்த ஓட்டை, இலைகள் அடைத்த மழைநீர்த் தூம்பு, மாடி வீட்டுக் குளியலறைத் தளத்தின் வெடிப்பு ஆகியவை இவ்வகையின. மழைக்குப் பின் மட்டும் கறை பெருகினால் கூரையையோ வெளிச்சுவரையோ பார்க்கவேண்டும். மழையற்ற நாளிலும் மேல் வீட்டார் குளித்தபின் ஒழுகினால், அக்குளியலறையைச் சோதிக்கவேண்டும்.

இரண்டாவது, கீழிருந்து ஏறுவது. தரையோடு கட்டப்பட்ட பழைய லயங்களில் பின்புறக் கால்வாய் அடைபட்டுத் தேங்கினால், அடிச்சுவர் திரியைப்போல் நீரை உறிஞ்சும். தரையிலிருந்து முழங்கால், இடுப்பு உயரம் வரை நீண்டு, மேலே நேர்கோடாக முடியும் கறை இதன் அடையாளமாகும்.

மூன்றாவது, குழாய்க் கசிவு. இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மீட்டர் எண்ணைக் குறித்து வையுங்கள். காலையில் எண் மாறியிருந்தால் எங்கோ கசிகிறது என்பது திண்ணம்.

நான்காவது, நாமே உண்டாக்கும் நீராவி. சோறு வடித்தல், குளித்தல், மழைநாளில் அறைக்குள் துணி உலர்த்துதல் ஆகியவை காற்றில் நீரைச் சேர்க்கின்றன. சமையல் வாயு ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட நீராவி பிறக்கிறது என்பதைப் பலர் அறியார். பக்கத்து வீட்டில் குளிர்சாதனம் இயங்கினால், பொதுச் சுவர் குளிர்ந்து, நம் பக்கத்தில் வியர்ப்பதும் உண்டு.

ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து வருகிறதா என்று ஐயமெனில் எளிய சோதனை ஒன்று உண்டு. ஓர் அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் பசைநாடாவினால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறம், அதாவது சுவரை ஒட்டிய பக்கம் நனைந்தால் ஈரம் சுவரிலிருந்து வருவது; வெளிப்புறம் நனைந்தால் அறைக் காற்றிலிருந்து வருவது.

துப்புரவு செய்யும் முறை

கசிவை அடைத்த பிறகே துப்புரவைத் தொடங்குதல் முறையாகும். மூக்கையும் வாயையும் இறுக மூடும் முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சன்னல்களைத் திறந்து, குழந்தைகளையும் நோயாளிகளையும் வெளியே அனுப்பிவிடுதல் வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் வித்துகள் வீடெங்கும் பரவும். சவர்க்கார நீரில் நனைத்த துணியால் தேய்த்துத் துடைத்து, நன்கு உலரவிடவேண்டும். பூஞ்சணம் ஊறிய மெத்தை, அட்டை, மென்பலகை ஆகியவற்றைச் சுத்தம் செய்தல் இயலாது. அவற்றை அகற்றுவதே நலம். கதவளவுக்கும் குறைந்த பரப்பை நாமே துடைக்கலாம். மிகப் பரந்து படர்ந்திருந்தால், பயிற்சி பெற்றவரை அழைத்தல் வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். வெளுப்பு நீருடன் கழிவறை அமிலத்தையோ, வினிகரையோ, அம்மோனியா உள்ள திரவத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள். உயிரைக் குடிக்கும் நச்சு வாயு எழும். பழைய அஸ்பெஸ்டாஸ் கூரையைத் தேய்க்கவோ துளையிடவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்குக் கொடிய பகை.

சுவர் முற்றாக உலர்ந்த பின்னரே சாயம் பூசவேண்டும். ஆகவே, தீபாவளிச் சாய வேலையை மழைக்கு முந்திய ஜூலை, ஆகஸ்டு மாதங்களிலேயே முடித்தல் சிறப்பு. பழைய செங்கல் சுவருக்கு நம் முன்னோர் அடித்த சுண்ணாம்பு இன்றும் ஏற்றதே. அது சுவரின் ஈரத்தை வெளியேற விடும். அதன் காரத்தன்மையில் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. மழையற்ற நாளில் காலை பத்து மணிக்குமேல் சன்னல்களைத் திறந்து வைப்பதும், அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைப்பதும் செலவில்லாத மருந்துகளாகும்.

பொறுப்பு யாருடையது?

லயத்திலும் அடுக்குமாடியிலும் சுவரும் கூரையும் பலருக்குப் பொதுவானவை. ஒரு வீட்டார் மட்டும் துடைத்தால் பயனில்லை. தோட்ட நிர்வாகம் வழங்கும் வீடுகளைப் பழுதின்றிப் பராமரிப்பது, தொழிலாளர் வீட்டுவசதிக் குறைந்தபட்சத் தரங்கள் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதலாளியின் கடமையாகும். கூரை ஒழுகினால் தேதியிட்டு எழுத்து மூலம் நிர்வாகத்துக்கு அறிவியுங்கள். பலனில்லையேல் ஆள்பல இலாகாவை நாடலாம்.

தனித்தனி உரிமைப் பத்திரம் உள்ள அடுக்குமாடிகளுக்கு 2015-ஆம் ஆண்டு விதிமுறைகள் உள்ளன. மாடியிலிருந்து ஒழுக்கு என்று முறையிட்டால், கட்டட நிர்வாகம் ஏழு நாள்களுக்குள் வந்து பார்வையிட வேண்டும். வேறு காரணம் மெய்ப்பிக்கப்படாத வரையில், குறை மேல் வீட்டில் உள்ளதாகவே கொள்ளப்படும். மேல் வீட்டார் இதைப் பகையாகக் கருதவேண்டியதில்லை. அவர் வீட்டுத் தளத்தின் வெடிப்பு அவர் கண்ணுக்கே தெரியாதிருக்கலாம். ஆகவே, முறையீட்டுக்கு முன் ஒருமுறை கதவைத் தட்டி, அன்போடு எடுத்துரைப்பது நம் பண்பாகும்.

துன் சம்பந்தன் பிறந்த ஊர் சுங்கை சிப்புட். அவர் 1960-இல் அமைத்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், தோட்டப் பாட்டாளிகள் தம் சிறு சேமிப்பை ஒன்றுதிரட்டித் தோட்டங்களுக்கே உரிமையாளர்களாயினர். அத்தகைய மரபில் வந்த நாம், ஒரு வரிசை வீட்டார் கூடி ஒரு ஞாயிற்றுக்கிழமை கால்வாயையும் தூம்பையும் துப்புரவு செய்ய இயலாதா? சிறு துளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டுமன்று, ஒழுக்குக்கும் பொருந்தும். துளியாக இருக்கும்போதே அதைத் தடுப்போம்; நம் பிள்ளைகள் நலமாக மூச்சு விடட்டும்.