சட்டசபையில் ஒரு தனிக்குரல்

சில மாதங்களுக்கு முன்பு புதுக்கோட்டையில் நடைபெற்ற மாணவர் மன்றக் கூட்டம் ஒன்றில் மக்களாட்சியைப் பற்றிப் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "எந்தக் கட்சியிலும் சேராத ஒருவர் சட்டசபையில் எழுந்து பேசி என்ன ஆகப்போகிறது, ஐயா?" என்று கேட்டாள். நேரம் போதாமையால் அன்று இரண்டொரு சொற்களில் விடை கூறி அமர்ந்துவிட்டேன். அந்த விடையைச் சற்று விரித்துரைப்பதே இன்றைய என் பேச்சின் நோக்கம். விடையைத் தேடி நாம் வெகு தூரம் செல்ல வேண்டியதில்லை. அந்த மாணவியின் ஊரிலேயே பிறந்த பெண்மணி ஒருவர் அக்கேள்விக்குத் தம் வாழ்நாளைக் கொண்டே விடை பகர்ந்திருக்கிறார். அவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வித் துறையில் பெயர் பெற்றவர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர். அம்மரபிலேதான் பெண் மக்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கம் இருந்தது. இச்செய்தியை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் சட்டசபையில் அவர் பேசிய பேச்சு, பிறர் துன்பத்தை எட்ட நின்று பார்த்தவரின் பேச்சு அன்று. தாயின் சுற்றத்தாரிடையே கண்ணாரக் கண்டதையே அவர் பேசினார்.

1902-இல் அவர் வீட்டிலிருந்தபடியே படித்து மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். அதற்கு மேல் படிக்க ஊரில் இருந்தது ஆடவர் பயிலும் மன்னர் கல்லூரி ஒன்றே. அங்கே ஒரு பெண் சேர்வதாவது என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அனுமதி வழங்கினார். உதவித் தொகையும் அளித்தார். பின்னர் 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

இனிச் சட்டசபைக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1921-இல். சட்டசபையில் அமரும் உரிமை கிடைத்ததோ 1926-இல்தான். அவ்வாண்டுத் தேர்தலில் தென் கன்னடத்தில் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்யாயர் மிகச் சில வாக்குகளில் தோற்றுப்போனார். இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் முத்துலட்சுமி அம்மையார் நியமன உறுப்பினரானார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபையில் இடம்பெற்ற முதற் பெண்மணி அவரே. சபையில் இடம் 132. அவற்றுள் 98 தேர்தலால் நிரம்புபவை. ஏனையவை பதவி வழியாகவும் நியமனத்தாலும் நிரம்புபவை. அத்தனை பேர் நடுவில் பெண் அவர் ஒருவரே. சுயராஜ்யக் கட்சியிலோ நீதிக் கட்சியிலோ அவர் சேரவில்லை. முதல் மந்திரியாயிருந்த டாக்டர் சுப்பராயனும் கட்சி சாராதவரே என்பது அச்சபையின் மற்றொரு விந்தை. அம்மையாரை உறுப்பினர்கள் ஒருமனதாகத் துணைத் தலைவராகவும் தேர்ந்தனர்.

பெருமை தரும் பதவி கிடைத்தது. ஆனால் கையில் வாக்கு ஒன்றே ஒன்று. அந்த ஒரு வாக்கைக் கொண்டு அவர் எதைத் தொட்டார் தெரியுமா? யாரும் தொடத் துணியாத தேவதாசி முறையைத் தொட்டார்.

இம்முறையின் வரலாறு நீண்டது. இராசராச சோழன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 400 தளிச்சேரிப் பெண்டுகளை அமர்த்தி, வீடும் பங்கும் அளித்த செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது. அக்காலத்தில் ஆடலும் பாடலும் கோயிற்பணியும் மதிப்புடைய தொழில்களாய் இருந்தன. காலப்போக்கில் அரசர்கள் மறைந்தனர், ஆதரவும் குன்றியது. கோயிற்பணி பெயரளவில் நின்றது. வசதி படைத்தவர்களின் விருப்பத்துக்கு ஆட்பட்ட வாழ்வே அப்பெண்களுக்கு மிஞ்சியது. விவரம் அறியாத வயதிலேயே சிறுமியின் கழுத்தில் பொட்டுக் கட்டப்பட்டது. அதன்பின் மணம் புரிந்துகொள்ளும் வழி அவளுக்கு அடைபட்டுப் போயிற்று.

1927 நவம்பரில், இவ்வழக்கத்தைத் தடுக்கச் சட்டம் செய்யுமாறு அரசாங்கத்தைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானத்தை அம்மையார் கொண்டுவந்தார். சபை அதனை ஏற்றது. இவ்விடத்தில் மாணவர்கள் ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்ள வேண்டும். தீர்மானம் வேறு, மசோதா வேறு. தீர்மானம் சபையின் கருத்தை அரசுக்குத் தெரிவிக்கும், எவரையும் கட்டுப்படுத்தாது. மசோதா நிறைவேறி ஒப்புதல் பெற்றால் சட்டமாகும். அது அனைவரையும் கட்டுப்படுத்தும். தீர்மானத்துக்குத் தலையசைத்தவர்கள் மசோதா வந்ததும் தயங்குவது எல்லா நாட்டு மன்றங்களிலும் காணும் காட்சி. இதனை அறிந்த அம்மையார், அடுத்த அடியை வேறோர் இடத்தில் எடுத்து வைத்தார். அவருடைய நுண்ணறிவை நான் பெரிதும் வியப்பது இந்த இடத்தில்தான்.

ஒரு தாய் ஏன் தன் மகளுக்குப் பொட்டுக் கட்டினாள்? பக்தி மட்டுமே காரணமன்று. கோயிற்பணி செய்யும் குடும்பத்துக்கு இனாம் நிலம் உண்டு. பணி நின்றால் நிலமும் போய்விடும். ஆகவே நிலத்தைக் காக்க வேண்டுமானால் தலைமுறைதோறும் ஒரு பெண்ணைக் கோயிலுக்குக் கொடுத்தே தீரவேண்டும். அறத்தைப் பற்றி எத்தனை பேருரை ஆற்றினாலும், சோற்றுக்கு வழியான நிலம் பறிபோகும் என்ற அச்சம் இருக்கும்வரை அத்தாய் மனம் மாறாள். இந்த முடிச்சைத்தான் அம்மையார் அவிழ்த்தார். 1929-இல் அவர் முயற்சியால் இந்து சமய அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டது. நிலத்துக்கும் கோயிற்பணிக்கும் இருந்த பிணைப்பை அத்திருத்தம் அறுத்தது. பணி செய்யாவிட்டாலும் நிலம் அப்பெண்ணிடமே இருக்கும். அதற்குரிய வரியைச் செலுத்தினால் போதும். தண்டனையை அன்று, விடுதலையையே முதலில் சட்டமாக்கினார் அவர்.

இதே காலத்தில் பெண்களின் மண வயதை உயர்த்த வேண்டும் என்றும் சபையில் வாதாடினார். பிள்ளைப்பேற்று மருத்துவர் என்ற முறையில், தாயாகும் பருவம் எய்தாத சிறுமியர் படும் பாட்டை அவர் நன்கு அறிந்திருந்தார். 1929-இல் மத்திய சட்டசபை நிறைவேற்றிய சாரதா சட்டம் மண வயதைப் பெண்ணுக்கு 14 என்றும் ஆணுக்கு 18 என்றும் வரையறுத்தது.

தேவதாசி முறையை ஒழிப்பதற்கு எதிர்ப்பு எழாமல் இல்லை. சமயத்தில் சட்டம் தலையிடலாமா என்று சிலர் வினவினர். கலை அழிந்துபோகும் என்று சிலர் அஞ்சினர். சத்தியமூர்த்தி போன்ற வல்ல பேச்சாளரும் மாற்றுக் கருத்துக் கொண்டிருந்தார். இவற்றினும் வருந்தத்தக்க எதிர்ப்பு ஒன்று இருந்தது. தேவதாசியரிலேயே ஒரு பகுதியினர் சங்கமாகக் கூடி அரசுக்கு மனு அளித்தனர். இசையில் வல்ல பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களுள் ஒருவர். தங்களைப் பிறர் ஒரே சொல்லால் இழித்துரைப்பதை அவர்கள் கண்டித்தனர். தங்கள் சொத்துரிமையும் கலையும் என்னவாகும் என்று கேட்டனர். அக்கேள்வியை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பின்னாளில் சதிராட்டம் பரத நாட்டியம் என்ற பெயரோடு புதிய மேடைகளில் ஏறியபோது, அதனைக் காத்து வந்த குடும்பங்களிற் பல அம்மேடைகளில் இடம்பெறவில்லை. நன்மை செய்யும் சட்டமும் சிலருக்கு இழப்பைத் தரக்கூடும் என்பதை வரலாற்று மாணவர் மறக்கலாகாது. மறுபுறம், தம் வாழ்வின் கசப்பை அறிந்து இம்முறையைக் கடுமையாக எதிர்த்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் இதே மரபினர். வெளியே அவர் மேடைதோறும் முழங்கியது உள்ளே முத்துலட்சுமி அம்மையாரின் குரலுக்கு வலுவூட்டியது.

1930-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கும் மசோதாவை அம்மையார் கொண்டுவந்தார். அவ்வாண்டு மே மாதம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தியடிகள் சிறைப்பட்டார். நாடு கொதித்தெழுந்தது. அம்மையார் முன் இரண்டு வழிகள் நின்றன. பதவியில் இருந்தால் மசோதாவை நிறைவேற்ற வாய்ப்புண்டு. ஆனால் காந்தியடிகளைச் சிறையிலிட்ட ஆட்சி தந்த நியமனத்தில் அமர்ந்திருக்க வேண்டும். விலகினால் மனச்சான்று அமைதியுறும். ஆனால் மசோதாவைத் தாங்குவோர் இலர். அவர் விலகினார்.

அம்முடிவு சரியா, தவறா? அதனை உங்கள் மன்றங்களில் வாதப் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். விலகியதால் ஏற்பட்ட காலத் தாழ்வு சிறிதன்று. பொட்டுக் கட்டுதலைத் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது 1947-இல்தான். இடையில் பதினேழு ஆண்டுகள்! அந்த ஆண்டுகளில் பொட்டுக் கட்டப்பட்ட சிறுமியர் உண்டு என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. ஆயினும் அம்மையார் வாளா இருக்கவில்லை. இம்முறையிலிருந்து தப்பி வந்த பெண்களுக்குத் தங்க இடம் கிடைக்காதபோது, தம் இல்லத்திலேயே அடைக்கலம் தந்தார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்தது. சட்டம் வருவதற்கு முன்னரே, சட்டம் வந்தால் அப்பெண்கள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கு அவர் விடை தேடிவிட்டார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக உருவெடுத்தது. 1956-இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார் 1968 ஜூலை 22-இல் மறைந்தார்.

புதுக்கோட்டை மாணவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். அம்மையார் சென்னைச் சட்டசபையில் இயற்றிய சட்டம் அவர் பிறந்த ஊரில் செல்லாது! ஏனெனில் புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். 1948 மார்ச்சில்தான் அது சென்னை மாகாணத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974-இல் தனி மாவட்டமாயிற்று. தம் தாயின் ஊருக்குச் சட்டம் செய்ய இயலாத நிலையிலே நின்று, மாகாணம் முழுவதற்கும் வழி வகுத்தார் அவர்.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்குத் திரும்புவோம். கட்சி சாராத ஒருவர் பேசி என்ன ஆகும்? உடனே எல்லாம் ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பேச்சுக்கு ஆதாரம் வேண்டும்; எதிர்ப்போரின் அச்சம் எங்கே வேர்கொண்டுள்ளது என்று அறியும் அறிவு வேண்டும்; ஒரே மூச்சில் முடியாததைப் படிப்படியாக முடிக்கும் பொறுமை வேண்டும். இவை இருந்தால் ஒரு வாக்கு பல வாக்குகளைத் தேடிக்கொள்ளும். சபை நடவடிக்கைக் குறிப்பில் ஏறிய சொல், பேசியவர் வெளியேறிய பின்னும் அங்கேயே இருக்கும். பின்னர் வருபவர் அதை எடுத்துப் படிப்பார். 1930-இல் நின்றுபோன பணியை 1947-இல் சபையில் அமர்ந்திருந்தவர்கள் முடித்தது அவ்வாறுதான். அடுத்த முறை மன்னர் கல்லூரி வழியே செல்லும்போது, அந்த வாயிலில் நுழைய ஒரு பெண் அனுமதி கேட்டு நின்ற நாளை அந்த மாணவி சற்றே எண்ணிப் பார்ப்பாளாக.