அட்டைப் பெட்டியின் மேல் 'கைவினைப் பொருள்'

கங்கைகொண்ட சோழபுரம் கோயில் வாசலில் மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். பெரிய நந்தியைச் சுற்றி வந்து, சிங்கக் கிணற்றை எட்டிப் பார்த்து, அதற்கு மேல் வெயில் தாங்காமல் நிழலுக்கு ஒதுங்கியிருந்தார்கள். அந்த அம்மாள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணே, இங்கருந்து என்னா வாங்கிட்டுப் போலாம்?"

சட்டென்று பதில் வரவில்லை. வாசல் கடைகளில் தொங்கியதெல்லாம் பழனியிலும் கிடைக்கும், திருச்செந்தூரிலும் கிடைக்கும்: சாவிக்கொத்து, பாசிமணி, பிளாஸ்டிக் துப்பாக்கி. "முந்திரிப் பருப்பு வாங்கிக்குங்கம்மா" என்று சொல்லிவைத்தேன். பொய்யில்லை. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் செம்மண் மேட்டில் முந்திரிக் காடுதான். ஆனாலும் ஆயிரம் வருஷத்துக் கோயிலைப் பார்க்கக் கடல் தாண்டி வந்தவர் கையில் அரைக் கிலோ முந்திரியா என்று, திரும்பும்போது பஸ்ஸில் எனக்கே உறைத்தது.

இத்தனைக்கும் இது வெளியூரிலிருந்து கொண்டுவந்ததைப் பேரிலேயே வைத்திருக்கிற ஊர். ராஜேந்திர சோழனின் படை கங்கைக்கரை வரை போய்க் குடத்தில் நீர் கொண்டுவந்தது. அதை ஊற்றி வெட்டிய ஏரிக்குச் சோழகங்கம் என்று பேர். இன்று நாம் பொன்னேரி என்கிறோம். திருவாலங்காட்டுச் செப்பேடு அந்த ஏரியை 'நீராலான வெற்றித் தூண்' என்று வருணிக்கிறது. தண்ணீரோடு நிற்கவில்லை. பக்கத்துச் செங்கல்மேட்டில் இருக்கும் செம்மணற்கல் சிற்பங்கள் கலிங்க நாட்டுக் கைவண்ணம். கோயிலுக்குள் இருக்கும் நவக்கிரகக் கல் சாளுக்கிய வேலை. வாங்கி வந்தவை அல்ல, வாரி வந்தவை என்பது வேறு விஷயம்.

போகிற பக்கமும் அப்படித்தான். 1840களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி வட்டாரங்களில் பொறுக்கிய கல் கிளிஞ்சல்கள் லண்டனுக்குப் போயின. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்து எழுதினார். டைனோசர் காலத்தில் இந்த மண் கடலடி. அரியலூரின் பேரையே பாறை அடுக்குக்கு வைத்திருக்கிறார்கள் புவியியலாளர்கள். அன்று அந்தக் கிளிஞ்சல்கள் அறிவியலுக்குப் போயின, சரி. இன்றைக்குக் கல் கிளிஞ்சல் கிடக்கிற காரை மேட்டுக்குப் போகிறவர் ஒரு நத்தைக் கல்லைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டால் என்ன ஆகும்? எந்த அடுக்கில் கிடந்தது என்ற சேதி அந்த நிமிடமே போய்விடும். மிஞ்சுவது மேசைக் கண்ணாடிக்குள் ஒரு கல். 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த சாத்தனூர் கல்மரம், 18 மீட்டருக்கு மேல் நீளம், ஏறக்குறைய 12 கோடி வருஷம் பழையது, வேலி போட்டுப் பாதுகாக்கப்படுகிறது. சில்லுகூடப் பெயர்க்கக் கூடாது. 2020இல் குன்னத்தில் ஏரி வெட்டும்போது உருண்டைக் கற்கள் கிடைத்ததும் 'டைனோசர் முட்டை' என்று வாட்ஸ்அப் கொதித்தது. முட்டையில்லை, அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிர் பொதிந்த கல்லுருண்டை என்று விவரமறிந்தவர்கள் சொன்ன பிறகுதான் அடங்கியது. இவற்றைப் பார்க்க வாரணவாசியில் அருங்காட்சியகம் இருக்கிறது. பார்க்கலாம், படம் எடுக்கலாம், வெறுங்கையோடு வரலாம்.

அரியலூர் மாவட்டத்திலிருந்து கடல் கடந்துபோன சாமான்களில் பெரிய விலை பெற்றது ஸ்ரீபுரந்தான் நடராஜர். பூட்டிக் கிடந்த கோயில். சாமிகளைப் பாதுகாப்பு மையத்துக்கு மாற்றலாம் என்று அதிகாரிகள் வந்தபோது ஊர்க்காரர்கள் முதலில் சம்மதிக்கவில்லை. 2008இல் கதவைத் திறந்தால் எட்டுச் சாமிகள் இல்லை. அதே வருஷம் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் நியூயார்க்கில் சுபாஷ் கபூர் என்ற வியாபாரியிடம் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் கொடுத்து ஒரு சோழர் கால நடராஜரை வாங்கியிருந்தது. ரசீது இருந்தது. முன்பு யார் யாரிடம் இருந்தது என்று காட்டும் காகிதமும் இருந்தது, போலியாக. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய கோயில் படங்களோடு வைத்துப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட் டெல்லிக்கு வந்து சிலையை ஒப்படைத்தார். பக்கத்துச் சுத்தமல்லியிலும் இதே திருட்டு. அந்த வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் பத்து வருஷச் சிறை விதித்தது.

இதில் எனக்கு ஆறாத இடம் ஒன்று. சாமிகள் துறைமுகம் தாண்டிய பெட்டிகளின் காகிதத்தில் எழுதியிருந்தது 'கைவினைப் பொருள்' என்று. உண்மையிலேயே கையால் செய்து, மனசார விற்கக் காத்திருக்கிறவர்கள் இதே பிரதேசத்தில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடி வருகிறவர் எத்தனை பேர்?

அரும்பாவூர் பெரம்பலூர் மாவட்டத்தில், பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறது. பக்கத்தில் தழுதாழை. இரண்டு ஊரிலும் மரச்சிற்பம் செய்யும் குடும்பங்கள். 2020இல் தஞ்சாவூர் நெட்டி வேலையோடு சேர்த்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கும் புவிசார் குறியீடு வந்தது. வாகை, மா, மாவிலங்கம், வேம்பு, நூக்கு என்று மரங்கள். ஒட்டுப்போடாமல் ஒரே கட்டையில் செதுக்குவதுதான் இவர்கள் வேலையின் மானம். கோடு போட்டு, வாச்சியால் ஆள் உருவம் தெரிகிற வரை வெட்டி இறக்கி, பிறகு கொட்டாப்புளியும் உளியுமாக உட்காருவார்கள். முகத்தைத் தாளம் என்ற சிற்ப அளவுக் கணக்கில் வைக்கிறார்கள். மூக்கு நுனி ஒரு நூல் தவறினாலும் கட்டை விறகுதான், ஒட்டுப்போட மானம் இடம் தராதே. தேருக்கு, வாகனத்துக்கு, கோயில் கதவுக்குச் செய்து பழகிய கை என்பதால் சின்னப் பிள்ளையாரைச் செய்தாலும் அது தேரிலிருந்து இறங்கி வந்தது மாதிரிதான் இருக்கும். மெருகேற்றிப் பளபளக்க வைத்ததைவிட, உளித் தடம் லேசாகத் தெரிகிறதை வாங்குங்கள். இது என் ருசி. மறுப்பவர்கள் நிறைய.

பாலித் தீவில் மாஸ் என்றொரு மரச்சிற்பக் கிராமம் இருக்கிறது. உபுத் வரை போகிற சுற்றுலாக்காரர் மாஸில் இறங்கி, தச்சரைப் பார்த்து, மரத்தூள் வாசத்தோடு பொம்மையை வாங்கிப் போவார். நம் பக்கம் சுவாமிமலைப் பஞ்சலோகப் பட்டறைகளுக்கு அந்த வழக்கம் ஓரளவு வந்துவிட்டது. அரும்பாவூருக்கு வரவில்லை. கோயில் பார்க்கிறவர்கள் சிதம்பரம் சாலையில் போகிறார்கள். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டுகிறவர்கள் காபிக்குத்தான் நிறுத்துகிறார்கள். யுனெஸ்கோ பட்டியலில் 2004இலிருந்து இருக்கும் கோயிலும் புவிசார் குறியீடு பெற்ற பட்டறையும் ஒரே வட்டாரத்தில் இருந்தும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. சோழபுரத்து வாசலில் அரும்பாவூர்க்காரர் ஒருவர் உளியோடு உட்கார ஒரு கொட்டகை போட்டால் ஆகிற செலவு என்ன பெரிய செலவு?

வெளிநாடு போகிறவர் வாங்கினால் இரண்டு விஷயம் கவனிக்கணும். நூக்கு மரத்துக்கு உலக அளவில் வணிகக் கட்டுப்பாடு இருக்கிறது. வாகையோ வேம்போ என்றால் அந்தத் தலைவலி இல்லை. ஆஸ்திரேலியா மாதிரி நாடுகளில் மரச்சாமானைச் சொல்லாமல் உள்ளே கொண்டுபோகக் கூடாது. பட்டை ஒட்டியிருந்தாலோ புழுத்துளை தெரிந்தாலோ பிடித்துக்கொள்வார்கள். செப்புத் திருமேனியோ கல் சிலையோ என்றால் கதை வேறு. நூறு வருஷம் தாண்டிய சிலைகளை வெளியே கொண்டுபோக 1972ஆம் வருஷத்துச் சட்டம் தடை போட்டிருக்கிறது. நேற்று வார்த்த சிலையாக இருந்தாலும், பழையதில்லை என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொள்வது விமான நிலையத்தில் நிம்மதி தரும்.

சாப்பாட்டுச் சாமானைப் பற்றி லப்பைக்குடிகாட்டுக்காரர்களிடம் பாடம் கேட்கலாம். வளைகுடாவும் மலேசியாவும் பார்த்த ஊர். அங்கிருந்து வரும்போது கோடாலித் தைலம், பால் பவுடர், பேரீச்சம்பழம், அத்தர். 'ஃபாரின் சாமான்' பெட்டியைப் பிரிக்கும் நாளில் தெருவே கூடும். போகும்போது எதிர்த்திசையில் ஊறுகாய், கருவாடு, மிளகாய்த்தூள், பெரம்பலூர்ச் சின்ன வெங்காயம். வயல் ஓரம் பட்டறை போட்டுக் காற்றாட வைத்த வெங்காயம் சீக்கிரம் அழுகாது. ஆனால் பச்சைக் காய்கறிக்குப் பல நாடுகளில் கெடுபிடி. அதற்குப் பாட்டிகள் எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். சின்ன வெங்காயத்தை இடித்து உளுந்து, கடுகு, வெந்தயம் கலந்து விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, கத்திரி வெயிலில் காய வைத்த தாளிப்பு வடகம். ஒரு உருண்டையைக் கிள்ளிப் போட்டால் துபாய் அறையில் நாலு பேர் எழுந்து வருவார்கள். மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றணும், இல்லையென்றால் சட்டையெல்லாம் வடகம் மணக்கும். எனக்கு நடந்திருக்கிறது.

அரும்பாவூரில் ஒரு பட்டறையில் ஓரடி உயரத்தில் வாகை மரப் பிள்ளையார். தும்பிக்கை முடிந்துவிட்டது, காது இன்னும் கட்டைக்குள்தான் இருந்தது. விலை கேட்டேன். ஸ்தபதி விலையைச் சொல்லவில்லை. கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "எந்த ஊருக்குப் போகுதுங்க சார்?" என்றார்.

"மலேசியாவுக்குப் போனாலும் போகும்" என்றேன். மனதில் அந்த ஈப்போ அம்மாள்.

"ஏசி வீடுங்களா? அப்ப இது வேணாம், இன்னும் ஈரம் இருக்கு, வெடிச்சிரும். உள்ள காஞ்ச கட்டையில ஒண்ணு ஆரம்பிச்சிருக்கேன், தை கழிச்சு வாங்க."