பறக்கும் ஆப்பு

விரைந்து வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கைகளைச் சற்றே பின்னுக்கு இழுத்துக்கொள்கிறீர்கள் அல்லவா? ஏன்? அமெரிக்கக் கல்லூரி ஆட்டம் ஒன்று இதற்கு விடை சொல்கிறது.

அமெரிக்கக் கால்பந்து நாம் ஆடும் கால்பந்து அன்று. பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியை இடித்துத் தள்ளி முன்னேறும் முரட்டு ஆட்டம். அணிக்கு 11 பேர். 1892ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழக அணி 13 ஆட்டங்களில் ஆடி அனைத்திலும் வென்றது. அது எடுத்த புள்ளிகள் 435. எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தவை பூஜ்யம்!

இந்த அணிக்கு நவம்பர் 19ஆம் நாள் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒரு சோதனை வந்தது. இடைவேளைக்குப் பின், ஹார்வர்டு அணியினர் இரு கூட்டமாகப் பிரிந்து, பந்துக்கு வெகு பின்னால் நின்றனர். இரு புறமிருந்தும் ஓடிவந்து, ஆப்பு வடிவில் ஒன்றுசேர்ந்து, பந்து ஏந்தியவரைக் காத்தபடி யேல் வரிசையில் ஒரே இடத்தில் மோதினர். ‘பறக்கும் ஆப்பு’ எனப்பட்ட இந்த உத்தியை வகுத்தவர் லோரின் டீலண்ட். சதுரங்கத்தில் வல்லவர், இந்த ஆட்டத்தை ஒருநாளும் ஆடாதவர்!

இதிலுள்ள இயற்பியலைப் பார்ப்போம். நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் கிடைப்பது உந்தம். 80 கிலோகிராம் நிறையுள்ளவர் வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடினால், அவரது உந்தம் 480 அலகுகள். நிற்பவருக்கோ உந்தம் பூஜ்யம். ஓடிவர இடம் கொடுத்ததுதான் டீலண்டின் தந்திரம்.

ஓடி வருபவரை நிறுத்தத் தேவையான விசை, உந்த மாற்றத்தை நேரத்தால் வகுத்தால் கிடைக்கும். 1/5 வினாடியில் நிறுத்தினால் சராசரி விசை 2,400 நியூட்டன். இது அவரது எடையைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு! 1/10 வினாடியில் நிறுத்தினால் ஆறு மடங்கு. அதே அளவு விசை தடுப்பவர் உடலிலும் தாக்கும். பின்னால் நால்வர் நெருக்கித் தள்ளினால் அவர் கதி என்ன? பந்தைப் பிடிக்கும்போது கையை இழுத்து நேரத்தை நீட்டுகிறோம், விசை குறைகிறது. ஆப்பின் முன் நிற்பவருக்கு அந்த வசதி இல்லை.

ஆப்பு நெடுந்தூரம் முன்னேறியது. ஆனால் புள்ளி கிட்டவில்லை. யேல் 6-0 என்று வென்றது. எனினும் பிற அணிகள் இந்த உத்தியைப் பின்பற்றின, காயங்கள் பெருகின.

அதுவரை, ஆட்டத்தைத் தொடங்குபவர் பந்தைக் காலால் லேசாகத் தொட்டுவிட்டு, தாமே எடுத்துக்கொள்ளலாம். 1894இல் தொடக்க உதை குறைந்தது 10 கெஜம் செல்ல வேண்டும் என விதி வந்தது. பந்து எதிரணிப் பக்கம் போய்விடும் என்றால் ஆப்பு எதற்கு?

நிற்பவர்மீது விளையாட்டாக ஓடிவந்து மோதுமுன், நண்பர்களே, இந்தப் பெருக்கலை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.